கிணற்றில் போட்ட மனு

கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்தில், பொதுக் குளியல் மண்டபம் ஒன்றில், ஓர் இளைஞன் விரல்களைப் பளிங்கின் மீதும் தன் மார்பின் மீதும் மாற்றி மாற்றி வைத்தபடி ஏழு உயிரெழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தான். அப்படிச் செய்தால் வயிற்றுக் கோளாறு தீரும் என்பது அவன் நம்பிக்கை. பார்த்தவர்கள் விடவில்லை. அவனை நீதிமன்றத்துக்கு இழுத்துப் போய், வதைத்து, தலையை வெட்டினார்கள். அந்த மாகாணத்தை அப்போது ஆண்ட பெஸ்டஸ், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு மந்திரித்து வந்த ஒரு பாமரக் கிழவியையும் கொன்றான். அவனுடைய சொந்த மகளே அவள் மந்திரித்துக் குணமானவள். கிழவியை வீட்டுக்கு அழைத்தது அவனுக்குத் தெரிந்தேதான் நடந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கான்ஸ்டான்டியஸ் ஆட்சியில், காய்ச்சலுக்காகக் கழுத்தில் காப்புக் கட்டியிருந்தவர்களும், அந்தி நேரத்தில் கல்லறைப் பக்கம் நடந்து போனதாக யாரோ கோள் சொன்னவர்களும்கூட மரண தண்டனைக்கு ஆளானார்கள். இவ்வளவையும் எழுதி வைத்திருப்பவர் அந்தக் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ்.

தண்டனையின் கொடுமை ஒருபுறம் இருக்க, இந்தச் செய்திகளில் வரும் இடங்களைப் பார்க்க வேண்டும். குளியல் மண்டபம், நோயாளியின் படுக்கை, ஊருக்கு வெளியே போகும் சாலையோரக் கல்லறை. மூன்றுமே மக்கள் நாள்தோறும் புழங்கிய இடங்கள். பழங்கால மந்திரம் என்றதும் நம் மனத்தில் எழும் படம் வேறு: நள்ளிரவு, எலும்புக் குவியல், தலைவிரி கோலத்தில் ஒரு சூனியக்காரி. ஹோரஸின் கனிடியாவும் லூகனின் எரிக்தோவும் அப்படித்தான் வருகிறார்கள். அதிகாரத்துக்கு அருகில் இருந்த கவிஞர்கள் தீட்டிய அந்தப் படத்தை இன்றைய திரைப்படம் வரை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். மண்ணைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்த சான்றுகள் அதோடு ஒத்துப்போகவில்லை. கடையின் தரை, தெருக் கிணறு, வீட்டு வாசற்படி, கோயில் ஊற்று ஆகிய இடங்களிலிருந்தே சாபத் தகடுகளும் காப்புக் கிண்ணங்களும் வந்துகொண்டிருக்கின்றன. வழக்கும் வேலையும் நோயும் திருட்டும் நெருக்கிய இடத்தில், வேறு போக்கிடம் இல்லாதவர்கள் எழுதிய மனுக்கள் இவை. மூடநம்பிக்கையின் எச்சங்கள் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நகர்ந்தால், அந்த எளிய மக்கள் தங்கள் பெயரில் விட்டுப்போன ஒரே பதிவை நாம் படிக்காமல் போகிறோம் என்பதே என் வாதம்.

பிரிட்டனில் பாத் நகரத்தின் வெந்நீர் ஊற்று ஏறத்தாழ 46 டிகிரி சூட்டில் இன்றும் பொங்கிக்கொண்டிருக்கிறது. ரோமானியர் காலத்தில் அங்கே சூலிஸ் மினர்வா என்ற தேவிக்கு ஒரு பெருங்கோயிலும், அதை ஒட்டியே குளியல் மண்டபமும் இருந்தன. 1979-80இல் அந்த ஊற்றின் அடியில் நடந்த அகழாய்வில், பக்தர்கள் போட்ட 12,000க்கும் மேற்பட்ட நாணயங்களோடு, சுருட்டியும் மடித்தும் எறியப்பட்ட ஏறத்தாழ 130 ஈயத் தகடுகள் கிடைத்தன. ரோஜர் டாம்லின் அவற்றைப் படித்து 1988இல் வெளியிட்டார். பொருள் விளங்கும் தகடுகளில் பெரும்பாலானவை திருட்டைப் பற்றியவை. டொகிலியானஸ் என்பவருக்குத் தலைமூடியோடு கூடிய மேலங்கி போய்விட்டது; எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ, அதைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும்வரை தூக்கமும் பிள்ளைப்பேறும் இல்லாமல் போகட்டும் என்று தேவியிடம் கேட்கிறார். டொகிமெடிஸ் இழந்தது இரண்டு கையுறைகள். அன்னியானஸுக்குப் பையிலிருந்து ஆறு வெள்ளிக் காசுகள். திருடியவர் கிறித்தவரானாலும் சரி, மற்றவரானாலும் சரி என்று எழுதிவிட்டு, ஒரு பெயர்ப் பட்டியலையும் சேர்த்திருக்கிறார். குளிக்கப் போகிறவர் ஆடையைக் கழற்றி வைக்கிறார், திரும்பி வந்தால் காணவில்லை. இந்த இழப்புகள் நமக்கு அற்பமாகத் தோன்றினால், ஒரே ஒரு மேலங்கியோடு பிரிட்டனின் குளிர்காலத்தைக் கழித்தவரின் நிலை நமக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். மனு போட்ட இடமும் ஒளிவுமறைவானதன்று. காணிக்கைக் காசு விழுந்த அதே நீரில், கோயிலின் நடுவில், தேவியின் கண்ணெதிரே போட்டார்கள்.

அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத யூலி என்ற ஊரில் மெர்குரி தெய்வத்தின் கோயில் இருந்தது. அங்கும் நூற்றுக்கு மேற்பட்ட தகடுகள் கிடைத்தன. ஹொனொராட்டஸ் என்பவர் இரண்டு சக்கரங்களும் நான்கு பசுக்களும் வீட்டுச் சாமான்கள் பலவும் பறிபோனதாக முறையிடுகிறார். சாட்டர்னினா என்ற பெண் தொலைந்துபோன தன் லினன் துணிக்காக, அதிகாரிக்கு அனுப்பும் நினைவூட்டுக் குறிப்பின் வடிவிலேயே தெய்வத்துக்கு எழுதுகிறார். மீட்டுக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு தெய்வத்துக்கு என்று உடன்படிக்கையும் வைக்கிறார். முதலில் வேறொரு தெய்வத்தின் பெயரை எழுதி, அழித்து, அதன் மேல் மெர்குரி என்று திருத்தியிருக்கிறார். இதையெல்லாம் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த தொழில்முறை மந்திரவாதி எழுதிக் கொடுத்திருப்பான், எளிய மக்களின் குரல் இதில் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருவது உண்மைதான், எகிப்திலிருந்து மந்திரக் கையேடுகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆனால் பாத் தகடுகளில் ஏறக்குறைய ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. பிழைகள் மலிந்தவை, எழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் போட்டவை, எழுதத் தெரியாமல் எழுத்துப் போலக் கீறல் மட்டும் போட்டவை என்று பலவும் அவற்றில் உண்டு. வாசகத்தைப் பிறரிடமிருந்து எடுத்திருக்கலாம். கோபமும் கணக்கும் கையும் அவரவருடையவை. இன்றும் நீதிமன்ற மனுவின் வாசகம் வழக்கறிஞருடையதாக இருப்பதால் வழக்கு கட்சிக்காரருடையதில்லை என்று ஆகிவிடுமா?

இன்னும் பின்னோக்கிப் போனால் கிரேக்கம். கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் எழுதப்பட்ட ஒரு தகடு, பக்கத்து வீட்டு மதுக்கடைக்காரர் கல்லியாஸையும் அவர் மனைவி திரைத்தாவையும் மந்திரத்தால் கட்டுகிறது. அதோடு நிற்காமல் வழுக்கைத் தலையரின் கடை, அந்தேமியோனின் கடை என்று அக்கம்பக்கத்துக் கடைகளை வரிசையாகக் கட்டிக்கொண்டே போகிறது. கை, கால், உயிர், தொழில் எல்லாவற்றுக்கும் கட்டு. ஒரு தெருவின் வணிகப் போட்டியை இவ்வளவு நெருக்கத்தில் காட்டும் ஆவணம் அந்தக் காலத்து வரலாற்று நூல்களில் எனக்குத் தெரிந்து வேறில்லை. துசிடிடிஸ் போரையும் மன்றத்தையும் எழுதினார். வழுக்கைத் தலையரின் கடை அவருக்குத் தேவைப்படவில்லை. ஏதென்ஸின் சந்தைத் திடலான அகோராவில், கைவினைஞர்கள் வேலை செய்த ஒரு கட்டடத்தின் தரைக்கு அடியிலிருந்து 2006இல் ஒரு பானையை எடுத்தார்கள். அதற்குள் ஒரு கோழிக்குஞ்சின் தலையும் கால்களும் ஒரு நாணயமும் இருந்தன. பானையைத் துளைத்து ஒரு பெரிய இரும்பாணி. வெளிப்புறம் முழுக்கப் பெயர்கள், 55க்கும் மேல். காலம் ஏறத்தாழ கி.மு. 300. ஜெசிக்கா லமோன்ட் 2021இல் அதைப் படித்து வெளியிட்டபோது, அத்தனை பேருக்கு எதிராக ஏன் ஒரே பானை என்ற கேள்விக்கு, நடக்கவிருந்த ஒரு வழக்கு காரணமாக இருக்கலாம் என்று கருதினார்.

வழக்கு என்பது கூடுதலாகச் சொல்ல வேண்டிய இடம். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் இன்றைய பொருளில் வழக்கறிஞர் கிடையாது. நூற்றுக்கணக்கான நடுவர்களுக்கு முன்னால் கட்சிக்காரர் தாமே நின்று பேச வேண்டும். காசுள்ளவர் பேச்சை எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொள்ளலாம். நட்பு வட்டம் உள்ளவர் தனக்காகப் பேச நாலு பேரைக் கூட்டி வரலாம். இரண்டும் இல்லாதவர் என்ன செய்வார்? எதிரியின் நாக்கைக் கட்டுவார். சிசிலியின் செலினஸ் நகரில் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே இந்த வாய்க்கட்டு வழக்கத்தில் இருந்ததற்குத் தகடுகள் உள்ளன. ஏதென்ஸின் கெரமெய்கோஸ் இடுகாட்டில், கி.மு. 400 வாக்கில், கைகளைப் பின்னால் கட்டிய ஒரு ஈயப் பொம்மையைச் சிறு ஈயப் பெட்டிக்குள் படுக்க வைத்துப் புதைத்திருக்கிறார்கள். பொம்மையின் மேல் நெசிமாகோஸ் என்ற பெயர். மூடியில் வேறு பலரின் பெயர்கள். கடைசியில், அவர்களோடு சேர்ந்து வாதாடுகிறவரோ சாட்சி சொல்கிறவரோ யார் இருந்தாலும் அவரும் என்று ஒரு வரி. விட்டுப்போன எதிரி ஒருவர்கூட இருக்கக்கூடாது என்ற பதற்றம் அந்த வரியில் தெரிகிறது. ஆளும் தரப்பினரும் இதே வழியில் போயிருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கசாண்டர், பலேரோன் ஊர் டெமெட்ரியோஸ் போன்ற பெரிய அரசியல் பெயர்கள் பொறித்த தகடும் அதே கெரமெய்கோஸ் பகுதியில் கிடைத்தது. கி.பி. 19இல் ரோமத் தளபதி ஜெர்மானிக்கஸ் நோயுற்றுக் கிடந்தபோது, அவர் தங்கியிருந்த வீட்டின் சுவரிலும் தரையிலும் மனித எச்சங்களும் அவர் பெயர் எழுதிய ஈயத் தகடுகளும் இருந்ததாக டாசிட்டஸ் எழுதுகிறார். மந்திரத்தை ஏழைகளுக்கு மட்டும் உரியதாக்கினால் வரலாறு கோணலாகிவிடும். ஆனால் ஜெர்மானிக்கஸின் துயரத்துக்கு டாசிட்டஸ் இருந்தார். வழுக்கைத் தலையரின் போட்டியாளருக்கு அந்த ஒரு தகடுதான் இருக்கிறது.

கல்லறையும் கிணறும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன? பாதாளத்துக்கு அவை வழி என்ற நம்பிக்கை முதல் காரணம். அகாலத்தில் இறந்தவர்கள் அமைதியின்றி அலைவார்கள், அவர்களே தூது போகத் தகுந்தவர்கள் என்று எண்ணினார்கள். பிரேயஸ் துறைமுகத்துக்கு அருகில் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் ஒரு பெண்ணின் கல்லறையில், ஆணியடித்த ஐந்து தகடுகள் கிடைத்தன. நான்கில் மதுக்கடை நடத்திய தம்பதிகளுக்கு எதிரான சாபம். அந்தப் பெண்ணுக்கும் அந்தக் கடைகளுக்கும் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை; புதிதாக மூடிய குழி கிடைத்தது, பயன்படுத்திக்கொண்டார்கள். இறந்தவரின் உறவினர்கள் அறிந்திருந்தால் எவ்வளவு துடித்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. கெரமெய்கோஸில் ஒரு குளியல் மண்டபத்துக்கு அருகில் இருந்த கிணற்றிலிருந்து 2016இல் 30 தகடுகள் எடுக்கப்பட்டன. அன்றைய சிரியாவின் அந்தியோக்கியாவில் ஒரு கிணற்றிலிருந்து வந்த தகடு, டயோனிசியா பெற்ற மகன் பாபிலாஸ் என்ற காய்கறி வியாபாரியைக் கட்டிப்போடச் சொல்கிறது. எகிப்தின் தலைச்சன் பிள்ளைகளைக் கொன்ற, தேரை வீழ்த்திய கடவுளை அழைத்து ஒரு காய்கறிக்காரருக்கு எதிராக ஏவுகிறார்கள். கோரிக்கைக்கும் அழைத்த ஆற்றலுக்கும் உள்ள பொருத்தமின்மை நமக்குத்தான். கடை நொடித்துப் பிள்ளைகள் பட்டினி கிடப்பதைப் பார்த்தவருக்குக் கடலைப் பிளந்த கடவுளைவிடக் குறைந்தவர் போதாது.

வீட்டுக்குள் நடந்ததைப் பார்த்தால் சாபம் பின்வாங்கி, காவல் முன்னுக்கு வருகிறது. எகிப்தில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் தேடி என்ற பெண், இறந்துபோன இன்தெப் என்பவருக்கு ஒரு மண்கிண்ணத்தில் கடிதம் எழுதினாள். வீட்டு வேலைக்காரப் பெண் இமியு நோயில் கிடக்கிறாள். இரவும் பகலும் அவளுக்காக நீ ஏன் போராடவில்லை, வீட்டு வாசல் பாழாக வேண்டும் என்றா நினைக்கிறாய், அவள் இல்லாவிட்டால் வீடு இடிந்துபோகும் என்று உரிமையோடு சண்டை பிடிக்கிறாள். கிண்ணத்தில் படையல் வைத்தால் இறந்தவர் உண்ண வந்து எழுத்தையும் படிப்பார் என்பது எண்ணம். அரசர்களின் கல்வெட்டுகளில் வேலைக்காரிகள் நோயுறுவதில்லை. இமியு என்ற பெயர் இன்று நமக்குத் தெரிவது அந்தக் கிண்ணத்தால்தான். இன்றைய ஈராக்கில், ஏறத்தாழ கி.பி. 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை, மக்கள் மண்கிண்ணத்தின் உட்புறத்தில் சுருள் வரியாக மந்திரம் எழுதி வீட்டுத் தரையிலும் வாசற்படியிலும் மூலையிலும் கவிழ்த்துப் புதைத்தார்கள். பேயை உள்ளே அடைத்துவிடவோ, வாசலிலேயே தடுத்துவிடவோ செய்த ஏற்பாடு. நிப்பூர் அகழாய்வில் கிடைத்தவற்றை ஜேம்ஸ் மாண்ட்கமரி 1913இல் வெளியிட்டார். யூத அரமேயம், மண்டேயம், சிரியாக் என்று மூன்று சமூகங்களின் எழுத்துகளில் இவை உள்ளன. யூத எழுத்தில் அமைந்த கிண்ணங்களில் பாரசீகப் பெயர் கொண்டவர்களும் காவல் கேட்கிறார்கள். குழந்தைகளைக் கொல்லும் லிலித் என்ற பெண்பேய்க்கு, கணவன் மனைவிக்குத் தரும் விவாகரத்துப் பத்திரத்தின் வடிவிலேயே எழுதி, இந்த வீட்டை விட்டுப் போ என்று சட்டப்படி வெளியேற்றுகிறார்கள். வழிபாட்டிடங்களில் பிரிந்து நின்றவர்கள் பிள்ளையின் உயிர் என்று வந்தபோது ஒரே கைவினைஞரிடம் போயிருக்கிறார்கள். மத வரலாறுகள் எழுதாத அண்டை வாழ்க்கை இது.

பெண்களைப் பொறுத்தவரை இந்தச் சான்றுகளின் மதிப்பு இன்னும் கூடுதல். சின்ன ஆசியாவின் க்னிடோஸ் நகரில் தெமெத்தர் தேவியின் கோயில் வளாகத்தில் சார்லஸ் நியூட்டன் 1850களின் இறுதியில் தோண்டியபோது கிடைத்த தகடுகளை எழுதுவித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். இரவல் கொடுத்த துணியைத் திருப்பித் தராதவர்கள் முதல், தன்மேல் பழி சுமத்தியவர்கள் வரை புகார் நீள்கிறது. அந்திகோனி என்பவர் அஸ்கிலபியாதிஸுக்கு மருந்து வைத்துவிட்டதாகக் குற்றச்சாட்டு. நான் வைத்திருந்தால் தேவி என்னை எரிக்கட்டும், நானே வந்து ஒப்புக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்கிறார். சில தகடுகளில் துளை இருப்பதால், எல்லோரும் பார்க்கும்படி கோயிலில் தொங்கவிட்டிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஆண்கள் நடத்திய நீதிமன்றத்தில் சொல்ல முடியாததை ஒரு பெண் தன் பெயரோடு சொல்ல முடிந்த இடம் அந்தக் கோயில். அது எப்போதும் அவளுக்குச் சாதகமாகவும் இருந்துவிடவில்லை. லிடியாப் பகுதியில் கி.பி. 156-157ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று தத்தியாஸ் என்ற மாமியாரைப் பற்றிப் பேசுகிறது. மருமகன் யுகுண்டஸுக்குப் புத்தி பேதலித்தது. மாமியார்தான் மருந்து வைத்தாள் என்று ஊர் பேசியது. பழியை மறுத்து அவர் கோயிலில் செங்கோல் நட்டுச் சாபம் வைத்தார். பின்னர் அவர் இறந்தார். திராட்சைக் கொடி வெட்டும் அரிவாள் காலில் விழுந்த அன்றே மகன் சாக்ரடீசும் இறந்தான். தெய்வம் தண்டித்தது, அவள் குற்றவாளியே என்று கல்வெட்டு முடிவு கட்டுகிறது. கோயில் தரப்பு எழுதிய தீர்ப்பு அது. அடுத்தடுத்து இரண்டு சாவைக் கண்ட குடும்பத்தின் மேல் ஊர் வாய் போட்ட பழியும் அதே கல்லில் இருக்கிறது என்றே நான் படிக்கிறேன்.

என் வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான மறுப்பு வன்முறை பற்றியது. எகிப்தில் ஒரு மண்பானைக்குள், மண்டியிட்டுக் கைகள் பின்னால் கட்டப்பட்ட ஒரு பெண்ணின் களிமண் உருவம் கிடைத்தது. உச்சந்தலை, கண், காது, வாய் தொடங்கி உள்ளங்கால் வரை 13 ஊசிகள் குத்தப்பட்டிருந்தன. இப்போது அது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூடவே இருந்த தகட்டில், சரபம்மோன் என்பவன் தொலமயிஸ் என்ற பெண் தன்னிடம் வரும்வரை உண்ணவும் குடிக்கவும் முடியாதபடி செய் என்றும், முடியைப் பிடித்து இழுத்து வா என்றும் இறந்தவனின் ஆவிக்கு ஏவல் இடுகிறான். இதை மனு என்று மென்மையாக அழைக்க எனக்கு மனம் வரவில்லை. இணங்காத பெண்ணின் உடலை உடைக்கச் சொல்லும் கட்டளை இது. கார்த்தேஜிலும் ஹத்ருமெத்தமிலும் தேரோட்டிகளுக்கு எதிராக எழுதிய தகடுகள் குதிரைகளின் பெயரைச் சொல்லிக் கால் முறியட்டும், ஓட்டுபவன் சாகட்டும் என்கின்றன. அவற்றின் பின்னால் நீதி கேட்கும் ஏழை இல்லை, வெறியேறிய ஆதரவாளனோ பந்தயம் கட்டியவனோதான் நின்றிருப்பான். எளியவர் எழுதியதெல்லாம் நியாயம் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்கு ஆசையும் பொறாமையும் கொடுமையும் இருந்தன என்பதும் வரலாறுதான். நீதிமன்ற ஆவணத்தில் பொய்ச் சாட்சி இருப்பதால் ஆவணத்தை எரிப்பதில்லையே. தொலமயிஸ் என்ற பெண் பட்ட நெருக்கடி வேறு எங்கும் பதிவாகவில்லை என்பதற்காகவே அந்தத் தகட்டைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

இவை எதுவும் பலிக்கவில்லையே, பலிக்காததற்கு ஏன் இவ்வளவு மரியாதை என்ற கேள்வியும் வரும். பலிக்காது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஈயத் தகடு யாருடைய நாக்கையும் கட்டாது. ஆனால் அதற்கு மாற்றாக அந்த மக்களிடம் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ரோமச் சட்டத்தில் திருட்டு, பறிகொடுத்தவர் தாமே தொடுக்க வேண்டிய வழக்கு. திருடன் யாரென்று கண்டுபிடிப்பதும் அவனைக் கொண்டுவந்து நிறுத்துவதும் அவர் பாடு. ஊருக்கு ஊர் காவல் நிலையம் இல்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போனாலும் பல நேரம் கிடைத்தது இரத்தம் எடுப்பதும் பட்டினியும்தான். அந்த நிலையில் மந்திரித்துக் கழுத்தில் காப்புக் கட்டிய கிழவி, குறைந்தபட்சம் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாத் நகரில் தகட்டை மடித்து நீரில் போட்டவருக்கு மேலங்கி கிடைத்திருக்காது. தன்மேல் நடந்த அநியாயத்தைப் பெயர், பொருள், அளவோடு ஓர் அதிகாரத்தின் முன் பதிவு செய்துவிட்ட நிறைவு கிடைத்திருக்கும். அந்த நிறைவுக்காக அவர்கள் மனு எழுதினார்கள். அவர்களுடைய அறியாமையைச் சுட்டிக்காட்டுவது எளிது; அவர்கள் கேட்டு நிற்க ஓர் அலுவலகம்கூட இல்லாத ஆட்சியைச் சுட்டிக்காட்டுவதே நேர்மை. அதே ஆட்சி நினைத்தபோது மந்திரத்தையே குற்றமாக்கியது. காயஸ் புரியஸ் கிரெசிமஸ் என்ற விடுதலை பெற்ற அடிமையின் கதையை ரோம எழுத்தாளர் பிளினி சொல்கிறார். சிறிய நிலத்தில் அண்டைப் பெருநிலக்காரர்களைவிட அதிகம் விளைவித்ததால், மற்றவர் பயிரை மந்திரத்தால் இழுத்துக்கொள்கிறான் என்று வழக்குப் போட்டார்கள். அவர் தம் கலப்பை, கனத்த மண்வெட்டி, கொழுத்த எருதுகள், ஆரோக்கியமான வேலையாட்கள் எல்லாவற்றையும் மன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இவைதாம் என் மந்திரம், இரவு முழுக்க உழைத்த உழைப்பையும் வியர்வையையும் இங்கே கொண்டுவந்து காட்ட முடியவில்லை என்றார். ஒருமனதாக விடுவித்தார்கள். பெஸ்டஸிடம் சிக்கிய கிழவிக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

இடத்தை வைத்தே இவ்வளவும் வாதிட்டிருக்கிறேன் என்பதால், இடம் தொலைந்துபோவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரோம் நகரில் 1999இல் நிலத்தடி வாகன நிறுத்தம் கட்டத் தோண்டியபோது அன்னா பெரென்னா என்ற தேவியின் ஊற்று வெளிப்பட்டது. தொல்லியலாளர்கள் முறையாகத் தோண்டியதால், ஒன்றுக்குள் ஒன்றாக மூடி முத்திரையிட்ட ஈயக் குப்பிகளும், உள்ளே மெழுகு முதலியவற்றால் செய்த மனித உருவங்களும், விளக்குகளும், ஒரு செப்புக் கொப்பரையும் இருந்த நிலையிலேயே கிடைத்தன. செய்தவரின் விரல்ரேகை வரை ஆராய முடிந்தது. இதற்கு மாறாக, 1991க்குப் பிந்தைய ஈராக் கொள்ளையில் எத்தனையோ மந்திரக் கிண்ணங்கள் உலகச் சந்தைக்கு வந்தன. நார்வே சேகரிப்பாளர் மார்ட்டின் ஸ்கோயெனுக்குச் சொந்தமான 654 கிண்ணங்கள் ஆய்வுக்காக லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்தன. அவை வந்த வழி குறித்துக் கேள்வி எழுந்து, 2005இல் விசாரணைக் குழு அமைந்து, கடைசியில் 2007இல் உரிமையாளரிடமே திரும்பின. எழுத்து கையில் இருக்கிறதே, கிடைத்த இடம் தெரியாவிட்டால் என்ன, படித்து வெளியிடுவதுதான் அறிவுக்குச் சேவை என்று மதிப்புக்குரிய அறிஞர்களே சொல்கிறார்கள். எழுத்து அழிந்துபோகக்கூடாது என்ற அவர்களுடைய கவலை உண்மையானது. ஆனால் படித்து வெளியிட்ட ஒவ்வொரு கிண்ணத்துக்கும் சந்தையில் விலை ஏறுகிறது. விலை ஏறினால் அடுத்த வீட்டின் தரை பெயர்க்கப்படுகிறது. அந்தக் கிண்ணம் படுக்கையறை மூலையில் இருந்ததா, வாசற்படியில் இருந்ததா, பக்கத்தில் குழந்தையின் சிறு கல்லறை இருந்ததா என்பது இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை. எந்த அருங்காட்சியகமும் எந்தப் பல்கலைக்கழகமும், கிடைத்த இடமும் நாட்டை விட்டு வெளியேறிய வழியும் ஆவணமாக இல்லாத ஒரு தகட்டையோ கிண்ணத்தையோ ஏற்கக்கூடாது. ஏற்கெனவே வைத்திருக்கும் நிறுவனங்கள், காட்சிப் பெட்டியின் குறிப்பில் தெய்வத்தின் பெயருக்கும் மொழியின் பெயருக்கும் முன்னால், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை எழுத வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும். ஈராக்கிலிருந்து திருட்டுத்தனமாக வந்தது என்று உறுதியானவற்றைப் பாக்தாத் அருங்காட்சியகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.